மீட்டருக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் பொய்யைப் பொறுக்கமாட்டார். மனிதர் சொல்லும் பொய்யை அல்ல. அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு டீ குடிப்பார். மீட்டர் சொல்லும் பொய்தான் அவருக்கு ஆகாது. பேர் தியாகராஜன். காஜா பெராங் சாலைக் கோடியில் இருந்த தேங்காயெண்ணெய் மில்லில் மீட்டர் தியாகு என்றால்தான் தெரியும். பாய்லர், பம்பு, எண்ணெய் காய்ச்சும் தொட்டி என்று மில் முழுக்க இருபத்து மூன்று மீட்டர்கள். சில அழுத்தம் காட்டும், சில சூடு காட்டும். அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று மாதாமாதம் சோதித்து, பிசகினதைத் திருத்துவது அவர் வேலை.

"இதுக்குன்னு ஒரு ஆளா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டேன். மூன்று நாள் பேசவில்லை மனுஷன். நாலாம் நாள் என்னை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மேசை, அதன்மேல் எண்ணெய் நிரப்பிய சின்ன பம்பு, அதன் தலையில் வட்ட வட்டமாக இரும்புக் கல் அடுக்க ஒரு தண்டு.

"இந்தக் கல்லை வச்சா உள்ளே சரியா அம்பது பவுண்டு அழுத்தம். மீட்டர் ஊசியும் அம்பதுல நிக்கணும். நாப்பத்தெட்டுல நின்னுச்சுன்னா அது பொய் சொல்லுது."

"ரெண்டு பவுண்டுதானேங்க?"

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அவரைப் பெற்றவளை நான் ஏசினது போல இருந்தது.

இன்னொரு பழக்கம். மீட்டரைப் படிப்பதற்கு முன் கண்ணாடியை நகத்தால் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டுவார். எங்காவது சிக்கிக்கொண்ட ஊசி அப்போதுதான் உண்மையான எண்ணுக்கு வருமாம். அதோடு விட்டாரா? வீட்டுக் கடிகாரத்தைத் தட்டுவார். பாசாரில் மீன்காரன் தராசைத் தட்டுவார். ஒருநாள் காய்ச்சல் பார்க்க வந்த டிரெஸ்ஸர் கையிலிருந்த வெப்பமானியையே தட்டப் போய், அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். எனக்கு மானமே போயிற்று.

ஒவ்வொரு மீட்டரின் கண்ணாடியிலும் ஊசி தாண்டக்கூடாத இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போட்டு வைத்திருந்தார். எண் படிக்கத் தெரியாதவர்கள்தான் மில்லில் பாதிப்பேர். அவர்களுக்கு ஒரே பாடம்: சிவப்பைத் தாண்ட விடாதே. பாய்லர் மீட்டர்தான் எல்லாவற்றிலும் பெரியது, சோறு தின்னும் தட்டு அளவு. இடது ஓரத்தில் கீழே பூஜ்யம், வலது ஓரத்தில் கீழே முந்நூறு. சிவப்புக் கோடு இடது பக்கத்தில் நூறில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆவியும் அனலும் பட்டு அது வெளிறிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

அதைத் திரும்பப் போடவென்றே ஒரு டப்பா சிவப்புச் சாயம் வாங்கி வைத்திருந்தார். அதற்குள் மெர்டேக்கா வந்துவிட்டது. மில் வாசலில் வளைவு கட்டினார்கள். கொடியின் கோடுகளுக்குச் சிவப்பு போதவில்லை என்று மில் முதலாளி தவுக்கேயின் மகன் வந்து நின்றான். இவர் டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"கோட்டுக்கு வேணாமா?" என்றேன்.

"நாட்டுக்கே சுதந்திரம் வருது பாக்கியம். கோடு ஒரு மாசம் காத்திருக்கும்."

அடுத்த மாதம் பாய்லர்காரர் மருதமுத்து அண்ணன் வேலையை விட்டுக் கப்பலேறி ஊருக்குப் போக நாள் குறித்தார். அந்த இடத்துக்கு என் தம்பி ஜெயபாலனைச் சேர்த்துவிடச் சொல்லி இவரை நச்சரித்தவள் நான்தான். ஜாசின் பக்கம் தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் தீ போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நெருப்போடு பழகினவன்தானே என்று இவரும் சம்மதித்தார். மருதமுத்து அண்ணன் ஐந்து நாள் கூட வைத்துப் பழக்கிவிட்டுப் போனார். அவர் சொல்லிக் கொடுத்ததும் அதே பாடம்தான்: "சிவப்பு வரைக்கும் ஏத்து. தாண்ட விடாதே." வெளிறின கோடு எங்கே என்று அவர் கண்ணுக்குப் பழக்கம்; விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் கிளம்பின கையோடு, பத்து பகாட் என்ற ஊரில் தவுக்கேயின் இன்னொரு மில்லில் மீட்டர்களைச் சோதிக்க இவரையும் இரண்டு வாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் பஸ் ஏறின மறுநாள் ஆயுத பூஜை.

வருஷா வருஷம் இவர் காவல் நிற்பார். மேசைக்குப் பொட்டு வை, பம்புக்கு வை, கண்ணாடியில் மட்டும் யாரும் விரல் வைக்கக் கூடாது. அந்த வருஷம் இவர் இல்லை. பொட்டில்லாமல் நிற்கும் மீட்டர்களைக் காட்டி மில் பெண்கள், "மீட்டர்காரர் சம்சாரம், நீங்களே வச்சிடுங்கக்கா" என்றார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. முந்தானையால் ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்தேன். சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அழுத்தி வைத்தேன். உதிராதபடி வைத்தேன், அதுதான் என் கெட்டிக்காரத்தனம். எங்கே வைத்தேன்? வட்ட முகம். முகத்துக்குப் பொட்டு எங்கே வைப்பார்கள்? நெற்றியில்தானே. உச்சிக்கு நேராக, நட்டநடுவில். பாய்லர் மீட்டருக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "மகராசி மாதிரி இருக்கு" என்று சொன்னதும் நான்தான்.

அந்த இடத்தில் என்ன எண் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஜெயபாலன் முதல் முறையாகத் தனியாக பாய்லரை மூட்டினான். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் எனக்கு ஒரே பெருமை. செக்கு ஓடும் வேகமே வேறாம், எண்ணெய் அப்படி இறங்குகிறதாம். "உன் தம்பி கைராசிக்காரன்" என்று தவுக்கேயே வாய்விட்டுச் சொன்னார்.

இவர் திரும்பின அன்று தம்பிக்குச் சோறு கொண்டுபோக நான் தூக்குச்சட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் பையைப் போட்டவர், "இரு, நானும் வாரேன். புள்ளங்க எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார். புள்ளங்க என்றால் மீட்டர்கள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

பாய்லர் அறை வாசலில் நுழைந்தோம். பெரிய மீட்டரின் முன்னால் போய் நின்றார். தட்டுவதற்கு விரலைத் தூக்கினார். தூக்கின விரல் அப்படியே நின்றது. தட்டவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் தட்டாமல் ஒரு மீட்டரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஜெயா, ஊசி எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"சிவப்புக்குக் கீழதான் மச்சான். ஒரு நாளும் தாண்ட விடல."

"எந்தச் சிவப்புக்கு?"

என் தம்பி சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவன் விரல் நான் வைத்த பொட்டைக் காட்டியது. ஊசி அதற்கு ஒரு விரல்கடை கீழே துடித்துக்கொண்டிருந்தது.

"மேல சேஃப்டி வால்வு ஆவி விடலியா?"

"விட்டுச்சு மச்சான். ஊசி பொட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சிடுது. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, கொப்பரை நிறுக்கிற கல்லு ஒண்ணை அது கையில கட்டித் தொங்கவிட்டேன். இப்பக் கத்தல."

நூறுக்கு மேல் போனால் உயிரைக் காப்பாற்றத்தான் அந்த வால்வு கத்துகிறது. கத்தின வாயை என் தம்பி கட்டிவிட்டான். பொட்டு இருந்த இடம் நூற்றைம்பது!

"கல்லுல கை வைக்காதே. தண்ணியும் விடாதே. நெருப்பை வெளிய இழுப்போம், மெதுவா" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாக்கியம், எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பு. கத்தாதே."

கத்தாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? அடிவயிற்றிலிருந்து கத்தினேன். தூக்குச்சட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. நாற்பது பேரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். சாலைக்கு வந்து மெர்டேக்கா வளைவின் கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். கட்டினவரும் கூடப் பிறந்தவனும் உள்ளே. வெளியே வரவில்லை. என் விரலாலேயே என் பொட்டை அழித்துக்கொள்ளப் பார்த்தேனே! தம்பி பெண்டாட்டி பச்சைப் பிள்ளையோடு தோட்டத்தில் இருக்கிறாள், அவள் பொட்டையும் சேர்த்து! மாரியாத்தா, மாரியாத்தா என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கால் மணி என்றார்கள். கூரைக்கு மேலே ஆவி மெல்ல வெளியேறியது. அப்புறம் அது நின்றது. அப்புறம் இரண்டு பேரும் கரி அப்பின முகத்தோடு நடந்து வந்தார்கள். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் கேட்டு தவுக்கே ஓடிவந்தார். "சியாப்பா புஞ்ஞா கெர்ஜா?" என்று அலறினார். யார் செய்த வேலை என்றால் யார் என்னத்தைச் சொல்வது?

ஜெயபாலன் தலையைக் குனிந்தான். "சாயா, தவுக்கே" என்றான். நான்தான் என்று எல்லாப் பழியையும் தலையில் போட்டுக்கொண்டான். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டானாம், பைத்தியக்காரன். தவுக்கே அவனை அப்போதே மூட்டை கட்டச் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். எழுந்து நின்றேன்.

"பொட்டு வச்சது நான்" என்றேன். தவுக்கேக்குப் புரியவில்லை. என் நெற்றியைத் தொட்டுக் காட்டி, மில்லைக் காட்டி, எனக்குத் தெரிந்த மலாயில் உளறினேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பாய்லர் அறையில்கூட அவர் முகம் அப்படி இல்லை. அடிப்பார், ஏசுவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் தவுக்கே பக்கம் திரும்பினார்.

"கோடு அழிஞ்சது எனக்குத் தெரியும் தவுக்கே. அதைப் போட வேண்டிய சாயம் அதோ இருக்கு" என்று மலாயில் சொல்லி, வளைவின் உச்சியைக் காட்டினார்.

தவுக்கே அண்ணாந்து பார்த்தார். சிவப்பு அப்படியே பளபளவென்று இருந்தது. அவர் மகன் நழுவி உள்ளே போய்விட்டான். ஜெயபாலனின் மூட்டையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். குங்குமச் சிமிழைத் திறந்தேன். விரல் போகவில்லை. மீட்டருக்கு வைத்த அதே சிவப்பு. சிமிழை மூடினேன், திறந்தேன், மூடினேன்.

புதுச் சாயம் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர் பின்னால் வந்து நின்றார். நேற்றிலிருந்து என்னோடு ஒரு பேச்சும் இல்லை. சிமிழைக் கையிலிருந்து வாங்கினார். என் நெற்றியில் நகத்தால் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டினார். அப்புறம் குங்குமத்தைத் தொட்டு வைத்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். பொட்டு நடுவில் இல்லை. இடது பக்கமாக விலகிப் போயிருந்தது.

"என்னங்க, கோணலா இருக்கு?"

"நூறுக்கு நேரா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

நான் அதைத் திருத்தவில்லை. அப்படியேதான் அன்றைக்குப் பாசாருக்குப் போனேன்.