கேட்க ஆளில்லாத ஊர்

புத்தகம் பிடிக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்தவுடன் தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. நேரமில்லை என்று சொல்லிவிட்டு, பஜ்ஜி மடித்த தாளை எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் உண்டு. இவர்களோடெல்லாம் எனக்குச் சண்டையில்லை. என் பெரியப்பாவோடுதான் ஓர் ஆடி மாதம் முழுக்க மல்லுக்கட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பல்லடத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில் நூலகம் கிடையாது. எனக்குக் கதைப் புத்தகம் வேண்டுமென்றால் அப்பாவுக்குப் பல்லடத்தில் ஏதாவது வேலை வர வேண்டும். அந்த வேலை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வர வேண்டும். மறக்காமல் என்னையும் மொபெட்டில் ஏற்ற வேண்டும். எல்லாம் கூடிவருவது குதிரைக் கொம்பு. அப்படி இருக்கும்போது நூலகரே ஒருநாள் ஊருக்கு வந்தார். வாடகையில்லாமல் ஓர் அறை கொடுத்தால் பகுதிநேர நூலகம் இங்கேயே வரும் என்றார். ஊரில் சும்மா பூட்டிக் கிடந்தது பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பெரியப்பாவின் கடை அறை ஒன்றுதான். அதைக் கோழித் தீவன வியாபாரி ஒருவரும் மூட்டை அடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார், நல்ல வாடகைக்கு.

பெரியப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர் அல்ல. செய்தித்தாளில் முட்டை விலையைப் பார்ப்பார், அதோடு மடித்து வைத்துவிடுவார். மேற்கொண்டு படிக்க அவரை யாரும் விட்டால்தானே? இல்லை, அவர் யாரையும் விட்டால்தானே என்று சொல்ல வேண்டும். எங்காவது ஒரு வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கூப்பிட வேண்டியதே இல்லை. வாய்க்கால் தகராறு, மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லாதது, மீதிச் சில்லறை தராத நடத்துநர் என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். தீர்த்து வைத்துவிட்டோ, திட்டு வாங்கிக்கொண்டோ திரும்பி வருவார். ஆறிப்போன சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பெரியம்மா, "ஊரு வம்பையெல்லாம் இவருதான் குத்தகைக்கு எடுத்திருக்கறாரு" என்று புலம்புவார்.

அறையைக் கேட்டு நான் போய் நின்றபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார். "அந்தப் புஸ்தகத்துல அப்பிடி என்னதான் இருக்குது? ஒண்ணு படிச்சுக் காட்டு கண்ணு. நல்லா இருந்துச்சுன்னா ரூமைக் குடுத்துபோடறேன்."

சாயங்காலம் அவர் முட்டைகளை அட்டையில் அடுக்குவார். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்பது அவர் கணக்கு. நான் தீவனக் கொட்டகையில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

பல்லடத்திலிருந்து கொண்டுவந்த மூன்றில் முதலில் ராஜா கதை. ராஜா வேட்டைக்குப் போன முதல் பக்கத்திலேயே, "இவன் காட்டுக்குப் போயிட்டா அங்க ஊரை ஆரு பாத்துக்கறா?" என்றார். அதற்குக் கதையில் பதில் இல்லை. அவருக்கும் அப்புறம் கதை இல்லை. அடுத்தது துப்பறியும் கதை. இரண்டாம் அத்தியாயத்திலேயே, "அந்தக் கணக்குப்பிள்ளைதான் திருடன். ஆரும் கேக்காமயே பதில் சொல்றான் பாரு" என்று சொல்லிவிட்டு முட்டைப் பக்கம் திரும்பிவிட்டார். நான் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்ததை அவர் இப்படிப் போகிறபோக்கில் சொன்னதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் அந்தத் தடித்த நாவல். அட்டை போய்ப் பெயர்கூடத் தெரியாமல் இருந்தது. அண்ணன் தம்பி இருவர், ஒரே தோட்டம், ஒரே கிணறு. தம்பி செத்துப்போகிறான். தம்பி பெண்டாட்டியையும் சின்னப் பையனையும் ஏமாற்றி, அண்ணன் எல்லைக் கல்லைப் பிடுங்கி நகர்த்தி நடுகிறான். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஹா, மீன் சிக்கியது என்று நினைத்தேன்.

"பத்திரம் ஆரு பேர்ல இருக்குது?"

"போடலீங்க பெரியப்பா."

"கெணத்துல அவளுக்குப் பாதி முறை வரோணுமே. எழுதி வாங்கலையா?"

"தெரியலீங்க. இனிமேத்தான் வரும், கேளுங்க."

"ஊர்ல கேக்கறதுக்கு ஒரு பெரிய மனுசன்கூடவா இல்ல?"

ஒரு பத்தியை முடிப்பதற்குள் தலையால் தண்ணீர் குடித்தேன். கதை என்றால் பேசாமல் கேட்க வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவருக்கு நரைத்த பிறகும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, "கடைசிப் பக்கத்தைப் பாரு கண்ணு, அவளுக்கு நெலம் கெடைக்குதான்னு மட்டும் சொல்லு" என்று கெஞ்ச வேறு ஆரம்பித்தார். முடிவை முதலில் பார்ப்பது எங்கள் படிப்பாளிகள் சட்டப்படி மகா பாவம். முடியவே முடியாது என்றுவிட்டேன்.

மறுநாள் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னத்த அம்மணி படிச்சுக் காட்டுன? சோத்தை அளைஞ்சுபோட்டு எந்திரிச்சுட்டாரு. தூங்கவும் இல்ல." முந்தின நாள் கறிக்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் மருத்துவம் சொன்னேன்.

அன்று படித்த இடத்தில், பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்புகிறார்கள். அவள் நியாயம் கேட்டு ஊர்ப் பெரிய வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். வெயில் ஏறுகிறது. உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. யாரும் வெளியே வரவில்லை.

எடுத்த முட்டையை அட்டையில் வைக்காமல் பெரியப்பா கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக அதைக் கீழே வைத்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று பண்ணையின் வெளிவாசல் வரைக்கும் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"போதும் கண்ணு. இது நம்மால ஆகாது. எடுத்துட்டுப் போயிரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கதை சூடு பிடிக்கிற இடத்தில், அதுவும் நான் ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டிருந்த இடத்தில் யாராவது எழுந்து போவார்களா? நூலகமும் போயிற்று. வீட்டுக்கு வந்து, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அம்மாவிடம் சொல்லி, அதற்குக் கரண்டிக் காம்பால் ஒன்று வாங்கினேன். பிறகு மூலையில் உட்கார்ந்து மிச்ச நாவலையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நன்றாக இருந்தது. அதற்கப்புறம் பசித்தது. சாப்பிட்டேன்.

ஆடி முடிந்து நூலகர் மறுபடி வந்தார். பெரியப்பா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். அப்பாவே வாயைப் பிளந்துவிட்டார். "ஏனுங்ணா, தீவனக்காரரு நல்ல வாடகை சொன்னாருங்களே?"

"அவருக்கு வேற எடமா கெடைக்காது? நாலு பேரு படிச்சா, அதுல ஒருத்தனாவது போய்க் கேக்க மாட்டானா?" என்றார் பெரியப்பா.

எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று நூலகருக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்து வைத்தார். எனக்குப் புரிந்ததால் மானம் போயிற்று. கதையில் வருகிறவளுக்கு நியாயம் கேட்க ஊரிலிருந்து ஆள் அனுப்பப் பார்க்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நூலகத் திறப்பன்று அவரை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள். அப்பாவை அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகும் அந்த அறைக்குள் அவர் காலடி வைத்ததே இல்லை. சொந்த அறை, வாடகை வாங்காமல் கொடுத்த அறை, அதைக் கண்டால் சாலையின் மறுபக்கத்துக்கு மாறி நடப்பார். நானோ தினமும் அதிலேயே குடியிருந்தேன்.

தை மாதம் போலத்தான் இருக்கும். புதுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுபக்கத்தில் நின்றிருந்த பெரியப்பா கைகாட்டிக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்தப் பொம்பளைக்கு நெலம் கெடச்சுதா?"

எந்தப் பெண் என்று எனக்கு உடனே நினைவு வரவில்லை. அதற்குள் எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேனே. யோசித்துத்தான் பிடிக்க முடிந்தது.

"அதுங்களா? கெடைக்கலீங்க பெரியப்பா. பையனைக் கூட்டிட்டு ஊரை உட்டே போயிருவா. அத்தோட கதை முடிஞ்சுது."

"எந்த ஊருக்கு?"

"அதெல்லாம் போடலீங்க!"

"போடாம எப்பிடி முடிப்பாங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்நேரம் பல்லடம் பேருந்து வந்து நின்றது. பெரியப்பா என்னை மறந்துவிட்டு, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசருக்குப் படிப்பு ருசி இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டு, கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்துப் படித்தபடியே நான் வீட்டுக்கு நடந்தேன்.