இசக்கியம்மா பிள்ளைகளைத் தர மறுத்த நாள்

இசக்கியம்மா இரண்டு கையாலும் துணியை முறுக்கிப் பிழிந்தாள். வடிந்தது கஞ்சி மாதிரி வெள்ளையாக இருந்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகத் தண்ணீர் பிடித்தாள். அதிலும் அதே வெள்ளை. அதுவும் சுண்டுவிரல் கனத்துக்குத்தான் வந்தது.

தேவாலாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். 1989 ஜூலை. பதினோரு நாளாக மழை விடவில்லை. அவள் அங்கே பிள்ளைமடுவத்து ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு மாலையில் வாங்கிப்போவார்கள். மற்றவர்களுக்கு அது கிரெச். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்திரண்டில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் வயிற்றுப்போக்குப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டவள் அவள். அவள் வாயில் அது பிள்ளைமடுவம்தான். கணக்குக்கு முப்பத்தொரு பிள்ளைகள், உதவிக்குத் தபித்தாள் ஒருத்தி. துணி அதற்குத் தக்கபடி.

துணி அலசும் குழாய் பழைய தங்கச் சுரங்கத்தின் வாயில் இருந்தது. அந்த மலைக்கு அடியில் கிடக்கும் கரும்பாறைக்கு வயது இருநூற்றைம்பது கோடி வருடம் என்கிறார்கள். பாறையின் மேல்பக்கம் மழையில் ஊறி ஊறி வெள்ளைக் களிமண்ணாகிவிட்டது. அதற்கு மேலே செம்மண். பாறை வெடிப்புகளில் ஓடும் வெண்கல்லில் கொஞ்சம் தங்கம் உண்டு. காட்டில் இருந்தவர்கள் ஓடை மணலை மரத்தட்டில் அரித்து அதை எடுத்துவந்தார்கள். பிறகு நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்து மலையைக் குடைந்தன. செலவு செய்த அளவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. அவர்கள் போன பின் மேலே தேயிலை வந்தது. சுரங்கத்துக்கு மேலே லயம் என்கிற இருபத்திரண்டு லைன் வீடுகளும், ஓரத்தில் பிள்ளைமடுவமும் வந்தன. கடைசியாக வந்தவர்கள் இசக்கியம்மா மாதிரி சிலோன் ஆட்கள்.

சுரங்க வாயிலிருந்து எப்போதும் தண்ணீர் ஓடும். போன பிப்ரவரியில் ஒரு கன்றுக்குட்டி உள்ளே போய்ச் செத்தது. தங்கம் தோண்டுகிறேன் என்று இரண்டு பேர் நுழைந்து மாட்டிக்கொண்டார்கள். ஃபீல்டு ஆபீசர் தனசிங் நல்ல எண்ணத்தோடு வாயைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்து, ஒரே ஒரு குழாய் விட்டார். வெயில் காலத்தில் வந்த தண்ணீருக்கு அது போதும். மழைக்காலத்தை யாரும் யோசிக்கவில்லை.

வாளியின் அடியில் படிந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த மண். சுரங்கத்து ஓரத்தில் சுரண்டி எடுத்துப் பிள்ளைத்தாச்சிகள் ஆசைப்பட்டுத் தின்பார்கள். அவர்கள் வாயிலிருந்து அதைப் பிடுங்கி எறிவது அவள் வேலையில் பாதி. நனைந்தால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் குடையோடு வீடுகளுக்குப் பின்னால் ஏறினாள். இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே தரை பிளந்திருந்தது. குடைக் காம்பை விட்டுப் பார்த்தாள். கைப்பிடி வரை இறங்கியது. அங்கிருந்து நேராக எடை போடும் கொட்டகைக்கு வந்தாள்.

தனசிங் தராசைப் பார்த்தபடியே கேட்டார்: "என்ன ஆயா, பிள்ளைகளை யாரு பாக்குறா?"

"தபித்தாள் பாக்குறாங்க. அய்யா, குழாயில தண்ணி கொறஞ்சுபோச்சு. லயத்துக்குக் கீழே அடைச்சு நிக்குது. சனங்களை வெளியேத்தணும்."

"குழாயில தண்ணி கொறஞ்சிருக்குன்னு நீயே சொல்லுற. அப்புறம் என்ன பயம்?"

"கொறஞ்சதுதான் பயம். பதினோரு நாளா மலை குடிக்குது. ஒண்ணுக்குப் போகல. பால் குடிச்ச பிள்ளை ரெண்டு வேளை ஒண்ணுக்குப் போகலன்னா வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட ஓடுவேன். இப்ப தொட்டுப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. "பிள்ளை கழுவுற ஆயா எப்ப இன்ஜினியர் ஆனா?" என்றார் தனசிங். "மலைக்கும் துணி மாத்திவிடேன், போ."

அவள் போனாள். வீடுகளைக் காலி செய்யச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. மாலையில் பெண்கள் பிள்ளைகளோடு அந்த வீடுகளுக்குள்தான் போவார்கள். அவள் கையில் இருந்தது முப்பத்தொரு பிள்ளைகளும், பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் கையெழுத்துப் போடும் ஒரு நோட்டும்தான்.

மதியம் பால் கொடுக்க ஏழு தாய்மார் வந்தார்கள். அவர்களுடைய கொழுந்துக் கூடைகளை வாங்கி, உள்ளே கம்பளி விரித்து, கைக்குழந்தைகளைக் கூடைக்கு ஒன்றாக உட்காரவைத்தாள். கூடைகளை அந்தத் தாய்மாரே சுமந்தார்கள். நடக்கிற பிள்ளைகளைக் கயிறு பிடித்து வரச் செய்தாள். தபித்தாள் முன்னால், அவள் பின்னால். தேயிலை ஃபேக்டரி மலையின் முதுகில் வெறும் பாறை மேல் நின்றது. இலை வாட்டும் மேல்மாடி காய்ந்து, கதகதப்பாக இருந்தது. அங்கே பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கதவோரம் நோட்டோடு உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்குப் பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் மூக்கம்மா. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், வாய் நாலு பேருக்கு உண்டு.

"குடு ஆயா, மழையில அடுப்பு பத்தவைக்கணும்."

"தரமாட்டேன். ஊட்டுக்குப் போய் மூட்டையைக் கட்டிக்கிட்டு, மாமியாரையும் கூட்டிக்கிட்டு இங்க வா. அப்புறம் தாரேன்."

"அடி ஆத்தி! நீ பெத்தியா, நான் பெத்தேனா?"

"நீதான் பெத்தே. பிரசவம் பார்த்தது நான். கத்தாதே, சின்னவன் தூங்குறான்."

"எம் மாமியாரு கட்டிலை விட்டு எந்திரிக்கவே மாட்டாளே!"

"கட்டிலோட தூக்கு. நாலு ஆம்பிளை எதுக்கு இருக்காங்க? சாயங்காலச் சீட்டு நாளைக்கு ஆடலாம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் யாரும் கீழே இறங்கவில்லை. அதற்குள் தனசிங் எஸ்டேட் மேனேஜரான தொரையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேல்மாடியில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தரையை நனைத்திருந்தார்கள். தொரை அதைத் தாண்டி வந்து கேட்டார்:

"ஃபேக்டரியை என்ன செய்து வைத்திருக்கிறாய்? பிள்ளைகளைக் கொடு."

இசக்கியம்மா எழுந்து நின்றாள். "ஆயா கையெழுத்துப் போடாம பிள்ளை வெளியே போகக் கூடாதுன்னு தொரைதான் போன வருஷம் ரூல் போட்டீங்க. ஒரு குடிகாரன் பிள்ளையை வழியில விட்டுட்டு வந்தப்போ. நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேலையை விட்டு நிறுத்தணும்னா நாளைக்கு நிறுத்துங்க. மேலே வெடிப்பு இருக்கு. ஒருதரம் பார்த்துட்டு வந்து பேசுங்க."

தொரை அவளைப் பார்த்தார். பிறகு தனசிங்கைப் பார்த்தார். "நீ பார்த்தாயா?"

தனசிங் குடையை எடுத்தார். இரண்டு பேரும் மழையில் ஏறிப் போனார்கள். காலையில் குடைக் காம்பு மட்டும் நுழைந்த இடத்தில் இப்போது ஒரு ஆள் கால் வைக்கலாம். தனசிங் திரும்பி வந்தபோது நடந்து வரவில்லை, ஓடி வந்தார். ஃபேக்டரிச் சங்கை விடாமல் ஊதச் சொன்னார். இருபத்திரண்டு வீட்டுக் கதவையும் அவரே தட்டினார். மூக்கம்மாவின் மாமியார் கட்டிலில் ஒரு காலை அவர்தான் பிடித்தார். கிழவி வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.

குடும்பம் வரவர இசக்கியம்மா கதவருகே தலை எண்ணிக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கொடுத்தாள். இருபத்தொரு வீட்டு ஆட்கள் வந்த பிறகு ஒரு வீடு குறைந்தது. ஆட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்ற கந்தன். "ஆட்டோட வரச்சொல்லு, கடவுளே" என்று கத்தினாள். கந்தன் ஆட்டோடு வந்தான். ஆடும் மேல்மாடி ஏறியது.

ஆறு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே லாரியில் கல் கொட்டுவது மாதிரி சத்தம் கேட்டது. சன்னலில் நின்றவர்கள் பார்த்தார்கள். தேயிலை வரிசை வரிசையாக நின்ற நிலையிலேயே நகர்ந்தது. பிள்ளைமடுவம் முதலில் போனது. பிறகு பதினாறு வீடுகள். வெள்ளை மண் பால் மாதிரி பள்ளத்துக்குள் ஓடியது. செத்தவர் யாரும் இல்லை. கால் சுளுக்கியவர் ஒருவர், தனசிங்.

மூக்கம்மா இரட்டையரில் ஒருவனை இசக்கியம்மா மடியில் மறுபடி போட்டாள். "நீயே வச்சுக்க ஆயா" என்றாள். அழுகை வந்தது. "மூக்கைத் துடைச்சுக்கிட்டு அய்யா காலுக்குத் துணி கட்டு" என்றாள் இசக்கியம்மா.

மறுநாள் காலை தொரை ஃபேக்டரிக்குப் பக்கத்துப் பாறை மேட்டில் புது வீடுகளுக்கு முளை அடிக்க நூல் பிடித்தார். இசக்கியம்மா நூலைத் தாண்டிப்போய், முதலில் தண்ணீர் போக வழி வெட்டச் சொன்னாள். தனசிங் நொண்டிக்கொண்டே மண்வெட்டியை எடுத்து, எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டார். அவள் இடத்தைக் காட்டினாள். அவர் வெட்டத் தொடங்கினார்.