வாசலில் நிற்க முடியாத பொன்னன்

என் பங்காளி பொன்னனுக்கு ஐம்பது வயது. ராசிபுரம் பக்கத்தில் மரவள்ளி போட்டிருக்கிறான். மாட்டோடு மணிக்கணக்கில் பேசுவான். நாலு மனிதர் எதிரே வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். கல்யாண வீட்டில் அவனைத் தேடுகிறவர்கள் பந்தலில் தேடக் கூடாது. சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவன், நாங்கள் சிலர் சேர்ந்து இலவசக் கண் முகாம் நடத்துவது தெரிந்து ஒருநாள் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்கண்ணா, உங்க கண் முகாமுல எனக்கும் ஒரு வேலை குடுப்பீங்களா?" என்றான். அவனுடைய அம்மா கடைசிக் காலத்தில் பார்வையில்லாமல் இருந்தவர். கைபிடித்து நடத்தியதெல்லாம் இவன்தான். அம்மா போனபின் அந்தக் கைக்கு வேலையில்லாமல் தவிக்கிறான் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

முகாம் செயலாளர் சபரிநாதனுக்குச் சேவை என்றாலே மைக்கும் மாலையும்தான். மண்டப வாசலில் வரவேற்க ஆள் குறைகிறது என்று பொன்னனை அங்கே நிறுத்திவிட்டார். எங்கள் பக்கம் வாசலில் வந்தவரை 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். பொன்னன் வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை. ஒரு பெரியவர் படியிலேயே திரும்பிவிட்டார்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காத எடத்துல எனக்கு வைத்தியம் வேண்டாமுங்க."

அவரை நான் கெஞ்சிக் கூட்டி வருவதற்குள் சபரிநாதன் அத்தனை பேர் முன்னால், "இந்த ஆளு சேவைக்கு லாயக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் மைக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

"நான் ஊட்டுக்குப் போறேனுங்கண்ணா" என்றான் பொன்னன்.

"ஊட்டுக்கு அப்பறம் போலாம். ஆபரேசனுக்குப் போறவங்களுக்குத் துணையா வேன்ல உக்காரு. உன்னை யாரும் பேசச் சொல்லலை" என்றேன் நான்.

வேனில் அவன் பக்கத்தில் மஸ்தான் பீவி என்ற அம்மாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. மகன் லாரியில் வடக்கே போயிருந்ததால் தனியாக வந்திருந்தார். ஊர் எல்லை தாண்டியதுமே, "எனக்குப் பயமா இருக்கு. ஆபரேசன் வேண்டாம், எறக்கி உட்ருங்க" என்று எழுந்துவிட்டார். சபரிநாதன் நவீன சிகிச்சையைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினார். அந்த அம்மாள் கதவைத் தடவ ஆரம்பித்தார்.

"அம்மா, உக்காருங்க. ஆண்டகளூர் கேட் தாண்டறோமுங்க" என்று ஒரு குரல் கேட்டது. பொன்னன்.

"இடது பக்கம் ஜவ்வரிசி காயப் போட்டிருக்காங்க. களம் பூரா வெள்ளை வெளேர்னு இருக்குதுங்க. ஒரு நாயி அதுக்கு நடுவால நடக்குது, ஒருத்தரு செருப்பைத் தூக்கிட்டு ஓடறாரு."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அப்பறம் தம்பி?"

மல்லூர் வந்தது, சேலமும் வந்தது. அவன் சொல்லிக்கொண்டே வந்தான். தன் முகத்தைப் பார்க்க முடியாத ஒருவரிடம் அவனுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பான். முன்சீட்டில் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான்.

ஆஸ்பத்திரியில் மஸ்தான் பீவி அவன் கையை விடவில்லை. "கட்டு அவுக்கறப்போ நீ என் எதுக்க நிக்கணும். நிக்கறேன்னு சொன்னா உள்ள போறேன்."

பொன்னனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நிக்கறேனுங்கம்மா" என்றான். அவர் போனார்.

மறுநாள் காலை கட்டை அவிழ்க்கும் நேரத்தில் ஆளைக் காணோம். தேடினால் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறான்.

"இனி அவங்களுக்குக் கண்ணு தெரியுமுங்கண்ணா" என்றான்.

உள்ளே மஸ்தான் பீவி நர்ஸிடம் பிடிவாதம் பிடிப்பது எங்களுக்கே கேட்டது. "கட்டை எடுத்தாலும் அந்தத் தம்பி வராம கண்ணத் தொறக்க மாட்டேன்."

பொன்னன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மெதுவாக உள்ளே போனான். வார்டு முழுக்க ஆட்கள். நேராகக் கட்டில் எதிரே போய் நின்றான். காதோரம் வியர்வை வழிந்தது. மஸ்தான் பீவி சிகிச்சை செய்த கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அவன் முகத்தையே பார்த்தார்.

"வாங்கம்மா" என்றான் பொன்னன்.



"வந்துட்டேன் தம்பி" என்றார் மஸ்தான் பீவி.