அந்தியேட்டி செய்யாத குகைக்காரர்

சுண்ணக்கல் தூளுக்கு ஒரு சுவை உண்டு. கோயிலில் திருநீற்றைப் பூசிய பிறகு மிச்சத்தை நாவில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். நான் அதை வாய் நிறையச் சுவைத்தது பலெர்மோ நகரத்தின் விளிம்பில், சியாகுல்லியின் மந்தாரின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு மேலேயுள்ள வெள்ளைப் பாறைச் சரிவில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் செத்த யாரையோ வைப்பதற்காகக் குடைந்த குகையின் வாசலில். தலையும் தோளும் வெளியே வெயிலில், மிச்சமெல்லாம் உள்ளே இருட்டில்.

தொண்ணூறுகளில், நான் நாலாம் வகுப்புப் படித்த நவம்பர் அது. அந்த நகரத்தில் நவம்பர் இரண்டாந் தேதி செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சீனியில் செய்த பொம்மைகள் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது வழக்கம். அந்தப் பொம்மைகளை நாங்கள் தின்று முடிப்பதற்கிடையில், இன்னும் பழைய செத்தவர்களையும் காட்டிவிடலாம் என்று ரீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எல்லோரும் மெல்லிய சட்டையோடு வந்திருந்தார்கள். "கூதல் பிடிச்சிடும்" என்று அம்மா எனக்கு மட்டும் மூன்று சுவெற்றர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி அனுப்பியிருந்தார். சாதாரண நாளிலேயே நான் உருண்டைதான். அன்று ஒரு பொதி.

குகை, ஊரில் பாண் சுடும் "போறணை" அடுப்புப் போலச் சின்ன வாயும் அகன்ற வயிறுமாக இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தவழ்ந்து போய் வந்தார்கள். நானும் போனேன். போகும்போது போன உடம்பு வரும்போது வர மறுத்தது. ரீச்சர் ஒரு கையை இழுத்தார், வகுப்பே சேர்ந்து மற்றக் கையை இழுத்தது, சுவெற்றர்கள் மூன்றும் மார்பில் சுருண்டு தக்கை போல இறுகின. கடைசியில், திரும்பி உள்ளே போய் அவற்றைக் கழற்றிவிட்டு வா என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அந்த இருட்டில், செத்துப்போன வீட்டுக்காரர் எந்த மூலையில் இருக்கிறார் என்று தெரியாமல், நான் ஒவ்வொன்றாக உரித்தேன். அவர் எழுந்து வந்து பின்னால் நின்று தள்ளிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். தள்ளிவிடுவாரோ என்று நடுங்கவும் செய்தேன். வெளியே வந்தபோது உச்சி முதல் கால்வரை வெள்ளை. வகுப்பு முழுவதும் கைதட்டியது. நானும் குனிந்து வணக்கம் சொன்னேன், அழுதது தெரியாமலிருக்க.

உண்மையான சிறை வீட்டில் காத்திருந்தது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் முடங்கிக் கிடந்தார். முன்னாலும் வர முடியாது, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் பாதையில்லை. அவர் வந்து சேர வேண்டுமென்று அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்திருந்தார். வேலை செய்த எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் நிலம் துடைக்கும்போதுகூட ஒரு சொட்டுத் தேநீர் குடிக்கவில்லை. அன்று ஆறாம் நாள். விடிய முழுகி விரதத்தை முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் சுடலையிலிருந்து எழும்பி வந்தவன் போல நான் வாசலில் நின்றேன்.

"எங்கையடா உருண்டனீ?"

சொன்னேன்.

"செத்த ஆளை வைச்ச இடத்துக்கை... உள்ளுக்கையே போனனீ?"

"ஓம் அம்மா. போனனான். வரத்தான் ஏலாமப் போச்சு."

"அங்கையே நில். படியைத் தாண்டாதை."

சாவுத் தீட்டான துடக்கோடு வந்தவன் முழுகாமல் உள்ளே வரக்கூடாது. வந்தால் விரதம் போச்சு. முழுகத் தண்ணீர் வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். அன்று முறையில்லை. வீட்டில் இருந்தது, அம்மா விடிய முழுகுவதற்கென்று மூடி வைத்த ஒரேயொரு வாளி.

ஆகவே நான் படியில் இருந்தேன். கீழ்வீட்டில் ஏதோ பொரிக்கும் வாசம் வந்தது, பசித்தது, பிறகு அதைவிட அவசரமானதும் வந்தது. அம்மா கதவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். இரண்டாம் மாடியில் இருந்த மன்னார் றீற்றா அன்ரி வேலை முடிந்து வந்தவர், என்னைக் கண்டு மேலே ஏறி வந்து, விசயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தார். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், எங்கள் துடக்குகள் அவருக்கு நல்ல பொழுதுபோக்கு.

"நாலாயிரம் வரியத்துக்கு முந்திச் செத்த மனிசனுக்கு இண்டைக்கு என்ன துடக்கு, சாந்தி?"

"ஆரும் அந்தியேட்டி செய்தவையோ அக்கா? முப்பத்தோராம் நாள் அது செய்யாட்டித் துடக்கு எப்பிடிக் கழியும்?"

அன்ரியின் பதில் இறங்கிப் போகும்போதுதான் வந்தது: "இஞ்சத்தைச் செத்தவை பிள்ளையளுக்குச் சீனிப்பொம்மை கொண்டு வருகினம். உங்கடை ஆக்கள் வாளி கேக்கினம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடப்போன கதவைப் பார்த்துக் கேட்டேன்: "அம்மா, அப்பா வராட்டி அது என்னாலையோ?"

அம்மா கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே போய் அந்த வாளியைத் தூக்கி வந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் என் தலையில்தான் ஊற்றினார். ஊற்றும்போது என்னோடு பேசவில்லை, எனக்குப் பின்னாலிருந்த யாரோடோ பேசினார்: "ஆரெண்டாலும் போய்ச் சேருங்கோ ஐயா. எங்கடை மனிசனையும் ஒருக்கா விடச் சொல்லுங்கோ."

வெள்ளைத் தண்ணீர் படிப்படியாக இறங்கி இரண்டாம் மாடியை அடைந்தது. "ஆரடி என்ரை வாசல்லை பால் ஊத்தினது?" என்று கீழிருந்து கத்தல் கேட்டது. கத்திய றீற்றா அன்ரியே சற்று நேரத்தில், தான் சமையலுக்கென்று பிடித்து வைத்திருந்த தண்ணீரை இரண்டு பெரிய போத்தல்களில் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா விடிய முழுகியது அந்தத் தண்ணீரில்.

சியாகுல்லியின் பிந்திப் பழுக்கிற மந்தாரின் சந்தைக்கு வந்த மாசியில் அப்பா வந்து சேர்ந்தார். அம்மா முருகனுக்கு நன்றி சொன்னார். "குகைக்காரரும் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பார்" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கந்தசஷ்டிப் படையலிலும் ஒரு சின்னப் பங்கு அவருக்கும் போனது.

இப்போது அந்தக் குகைக்கு இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். என் வயிற்றைப் பார்த்தால் எனக்கு அது வேண்டாத செலவு. எங்கள் கட்டிடத்திலும் இரவு பகலாகத் தண்ணீர் வருகிறது. போன வருடம் அப்பாவை எரித்துவிட்டு நான் வந்தபோது, குளியலறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அம்மா வாசலில் வாளியோடு நின்றார். நானும் படியில் நின்று தலையைக் குனிந்தேன்.

"முப்பத்தோராம் நாள் ஒண்டும் விடாமல் செய்யோணும், தம்பி" என்றார் ஊற்றியபடி. "அவர் கொழும்பிலை ஒருக்காக் காத்துக் கிடந்தது போதும்."

தண்ணீர் படிப்படியாக இறங்கி இரண்டாம் மாடிக்குப் போனது. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றோம். றீற்றா அன்ரி லண்டனுக்குப் போய் வெகுகாலமாகிவிட்டது. கீழேயிருந்து யாரும் கத்தவில்லை.