இரண்டு பெயர்களோடு வாழ்ந்த எங்கள் மாமா

கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை ஒஸ்லோவில் எங்களோடு கழித்த மாமா, என் கணவரின் தந்தை, மறைந்து ஓராண்டாகிறது. அவரை வெள்ளைக்கார ஜெனரல் என்று மட்டுமே அறிந்த நம் உறவுகளுக்காக, மருமகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

மாமா ஆஸ்திரியாவில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பட்டத்தைச் சட்டம் முன்பே நீக்கிவிட்டது; தந்தையாரைப் போர் கொண்டுபோனது. மாளிகையில் அந்நியப் படையினர் தங்க, தாயாரும் அவரும் தோட்டக்காரர் வீட்டில் ஒடுங்கினார்கள். வளர்ந்து படையில் சேர்ந்தவர் படிப்படியாக உயர்ந்து ஜெனரலானார். இளம் அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரிக்குத் தலைவராக இருந்த காலமே தமக்கு நிறைவானது என்பார். மாணவர் எவரையும் அவர் சத்தமிட்டு ஏசியதில்லையாம்.

அந்தக் கல்லூரியின் மாரிகாலப் பயிற்சியில், மலையில் பனி சரிந்து இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். விசாரணையில் மாமாமீது குற்றம் காணப்படவில்லை. ஆனால் புறப்பட அனுமதித்த கையெழுத்து அவருடையது. தாமாகவே பதவி விலகினார். ஆண்டுதோறும் அந்த இரு தாய்மாரின் வீடுகளுக்கும் போனார். ஒருவர் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை.

மாமி காலமானபின் அவரை எங்களோடு அழைத்துக்கொண்டோம். உடனே என் தகப்பனாரான ஐயா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். என் அண்ணாவைத் தாயகத்துப் போரில் பறிகொடுத்தவர் அவர். பட்டாளக்காரனோடு ஒரு மேசையில் இருக்கமாட்டேன் என்றார். ஒரு வருடம் கழித்து, பேத்தியின் பிறந்தநாளுக்குத்தான் வந்தார். வந்ததும் மாமாவை நேராகப் பார்த்தார்.

“எத்தினை பெடியளைச் சாகக் குடுத்தவர் எண்டு கேள், பிள்ளை.”

தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். மாமா எழுந்து நின்று இரண்டு பெயர்களைச் சொன்னார். ஐயா அவருக்கு எதிரே மேசையில் அமர்ந்தார். பிறகு அண்ணாவின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து இருவரும் அரைகுறை நோர்வே மொழியில் கதைத்துக்கொண்டு நடக்கப் போவார்கள்.

கடைசி வாரங்களில் மாமாவுக்கு நினைவு தடுமாறியது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி அந்த இரு பெயர்களையும் மாறி மாறிக் கூப்பிட்டார். பதில் வராமல் துடித்தார். கணவரும் நானும் செய்வதறியாது நின்றோம். ஐயாதான் அவர் கையைப் பிடித்தார்.

“ஓம், வந்திட்டம். ரெண்டு பேரும் வந்திட்டம்.”

தமிழிலேதான் சொன்னார். மாமா அடங்கினார். மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும், செய்தி கேட்டதும் சமைத்துக்கொண்டு ஓடிவந்த அயலவர்களுக்கும், பேர்கன் நகரிலிருந்து வந்து பெட்டியைச் சுமந்த உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். மாமாவின் அறை வாசலில் சற்று நின்றுவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுகிறார்.