சாம்பிராணியும் ஐஸும்

போன வெள்ளிக்கிழமை, திருவையாற்றுப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து சாப்பிடாமல் கிளம்பி, வாய்க்கால் கரையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். சட்டையெல்லாம் சாம்பிராணி வாசனை. நின்று ஒருமுறை உதறிப் பார்த்தேன். போகவில்லை.

தங்கை மகளுக்குப் பதினைந்து வயது, வீசிங் உண்டு. நான் போனபோது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கொட்டாங்குச்சித் தணலில் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள் தங்கை. பிள்ளை புகைக்குள் இருமிக்கொண்டிருந்தது.

"நெஞ்சுச் சளி இளகும்ணே."

"இளகாது. இழுக்கும்."

கூடையை நகர்த்தி, ஒரு செம்புத் தண்ணீரைத் தணலில் ஊற்றினேன்.

"வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற. ஊர் சுத்துற ஆளுக்கு என்ன தெரியும்?"

டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பீரோவில் பூட்டியிருக்கிறது. பழகிவிட்டால் விடாதாம். பெண் பிள்ளை, நாலு பேருக்குத் தெரியக்கூடாதாம்.

ஊர் சுற்றுகிற ஆளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இதே புகையில் வளர்ந்தவன் நான். சனிக்கிழமைதோறும் அம்மா போடுவாள், ராத்திரியே இழுப்பு வந்துவிடும். உடனே, "பயல் திருட்டுத்தனமா ஐஸ் தின்னுருக்கான்" என்று விசாரணை. ஐஸ் கூடாது, தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஆற்றில் குளிக்கக் கூடாது. புகையும் கொல்லை வைக்கோல் தூசியும் மட்டும் கூடும்.

இழுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளியில் என் பெயர் ஆர்மோனியம். "வந்துட்டான்டா, சுதி சேத்துக்கங்க" என்பான்கள். எனக்கே சிரிப்பு வரும். சிரித்தால் இழுக்கும் என்பதால் சிரிக்காமல் பழகினேன். அதற்குத் திமிர் என்று பெயர் வந்தது. சம்பா அறுப்பு மாதம் முழுக்க லீவு, பிளஸ் ஒன் பரீட்சைக்கும் போக முடியவில்லை. "படிச்சது போதும், உக்காந்த வேலையா பாரு" என்று அப்பா ஒரு கடையில் சேர்த்துவிட்டார். தவிட்டுக் கடை. உட்கார்ந்த வேலைதான், தவிட்டு மூட்டைக்கு நடுவில்.

ஐந்தாம் நாள் நாகப்பட்டினம் பஸ் ஏறினேன். அங்கே துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள்.

"ஐஸு ஒத்துக்குமா தம்பி?"

"ஒத்துக்குங்க."

தொட்டே பார்க்காதவன் சொன்ன பொய். இரண்டு வருஷம் ஐஸ் பாளம் உடைத்தேன். புகையும் இல்லை, தூசியும் இல்லை. இழுப்பு வந்தது இரண்டோ மூன்றோ முறை. இன்று அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். எங்கள் ஊரில் நெல் அடிக்கும் களமும் போய் அறுவடை மெஷின் வந்துவிட்டது. தூசி மட்டும் போகவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தங்கை மகள் சைக்கிளில் வந்தாள். மூச்சு விசிலடித்தது.

"சார்ஜர விட்டுட்டுப் போறீங்க மாமா."

"அதுக்கு இப்படி மிதிச்சுட்டு வரணுமா? போன் பண்ணியிருக்கலாம்ல?"

"போனு அம்மாட்ட இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்க தண்ணி ஊத்திட்டுப் போயிடுவீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நான் இங்கதான இருப்பேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. தங்கைமேல் இருந்ததைவிட என்மேல். எல்லாவற்றுக்கும் நான் கண்ட வைத்தியம் பஸ் ஏறுவது. அது எனக்குப் பலித்தது. பதினைந்து வயதுப் பெண் எந்தப் பஸ் ஏறுவாள்?

திருப்பூரில் ஒரு வேலை பேசி வைத்திருந்தேன். பஸ் வந்தது, போனது. அவளைப் பின்னால் உட்காரவைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

"என்ன, பசிச்சிருச்சா?" என்றாள் தங்கை, வாசலிலேயே.

"ஆமா. சோத்தப் போடு. பீரோ சாவியையும் குடு."

சோறு வந்தது. சாவி வரவில்லை.

மறுநாள் காலை கடைத்தெருவில் கேன் தண்ணீர் வண்டி ஓட்டும் வேலையில் சேர்ந்தேன். இனி வெள்ளிக்கிழமைதோறும் என் முதல் கேன் தங்கை வீட்டில்தான் இறங்கும், தணல் மூட்டுவதற்கு முன்னால்.