டிராகனையும் படகில் ஏற்றினார்கள்

பகடை உருட்டி, கதாபாத்திரமாகவே பேசி விளையாடும் ஆட்டத்தை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவன் நான். என்னிடம் கற்றுக்கொண்ட ஜான்சி இன்று அக்காள்மடத்தில் ஆட்டம் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டு, குறை கண்டுபிடிக்கவே போனேன்.

மீன்பிடித் தடைக்காலம். வலைக் கொட்டகையில் அத்தனை கூட்டம். என் ஆட்டத்துக்கு இப்படி ஆள் சேர்ந்ததே இல்லை. நானோ தடிமனான ஆங்கில விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வரச் சொல்வேன்.

இவள் கதையில் கோட்டையும் இல்லை, டிராகனும் இல்லை. டீசல் தீர்ந்து நடுக்கடலில் நிற்கும் ஒரு படகு, அவ்வளவுதான்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த மலரக்கா, "எனக்கு ஒண்டும் தெரியாது, நானும் சேரலாமோ?" என்றார்.

"சும்மா உருட்டுங்கக்கா, போகப்போகப் பிடிபட்டுரும்" என்றாள் ஜான்சி.

மூலையில் அருள். காய்ச்சல் என்று என் ஆட்டத்துக்கு வராதவன்.

"ஏலே, காய்ச்சல்னியே?"

"இங்கன வந்ததும் விட்டிருச்சுண்ணே."

ஜான்சி என் கையில் பகடையைத் தந்தாள். "நீங்க யாருண்ணே?"

வயிற்றெரிச்சலில் "டிராகன்" என்றேன். ஆட்டம் கெட்டுப்போகட்டும் என்றுதான்.

மலரக்கா அசரவில்லை. "எல்லாரும் கொஞ்சம் தள்ளி இருங்கோ. அதையும் வள்ளத்தில ஏத்துவம்."

இப்போது என் டிராகன் அந்தப் படகில் உலை கொதிக்க நெருப்பு ஊதிக்கொண்டிருக்கிறது. நாளைக்கும் வரச் சொல்கிறார்கள். போகலாமா, சொல்லுங்கள்.

அருள் மட்டும் இந்தப் பதிவுக்குப் பதில் போட வேண்டாம்.